சோத்துக்கைப் பக்கம்

வட்டத்துக்குத் தொடக்கம் கிடையாது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுப்பார்கள். சாலைத் திட்ட அலுவலகத்தில் அப்படிச் சொன்னால் வேலை போய்விடும். ஊரைச் சுற்றி வெளிவட்டச் சாலை போட வேண்டுமென்றால், முதலில் அந்த வட்டத்தில் எங்கேயாவது ஒரு சைபரை நட்டாக வேண்டும். அங்கிருந்து எந்தப் பக்கமாக எண்ணிக்கொண்டு போவது என்று முடிவு செய்ய வேண்டும். அதற்கப்புறம்தான் பாலம், மதகு, மின்கம்பம், இடிக்க வேண்டிய வீடு எல்லாம் ஒரு வரிசைக்கு வரும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. நேரான சாலை என்றால் வடக்குப் பக்கம், தெற்குப் பக்கம் என்று பேசிக்கொள்ளலாம். சுற்றி வருகிற சாலையில் அந்த ஜம்பம் பலிக்காது. இங்கே கிழக்காக இருந்த பக்கம் கொஞ்ச தூரம் போனால் தெற்காகும், இன்னும் போனால் மேற்காகிவிடும். அதனால் அந்த அலுவலகத்தில் யாரும் திசை பேசுவதில்லை. வலது, இடது, அவ்வளவுதான். சைபரிலிருந்து எண் ஏறுகிற பக்கம் பார்த்து நின்றால் சோத்துக்கைப் பக்கம் வலது. அட்டவணையில் அதற்கு ‘வ’ என்று ஓர் எழுத்து. மற்றதற்கு ‘இ’.

இந்த ‘வ’வையும் ‘இ’யையும் எழுதுகிறவன் டேப்பு. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. சங்கிலி பிடிக்கிற ஆளாக வேலைக்குச் சேர்ந்து, மாலைக் கல்லூரியில் படித்து, அளவையர் நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் இடுப்பில் பழைய இரும்பு டேப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு அலைந்ததால் வந்த பெயர். கூப்பிடுகிறவர்கள் கேலியாகத்தான் கூப்பிட்டார்கள். அவனுக்கென்னவோ அது பட்டம் கொடுத்த மாதிரி இருந்தது.

டேப்புக்கு உலகத்தில் ஒரே ஓர் அக்கா. அம்மா போனபோது அவன் சட்டைப் பொத்தான் போடத் தெரியாத வயதில் இருந்தான். அன்றிலிருந்து அக்காதான் அம்மா. அவளும் மாமாவும் ஊரின் ஓரத்தில், பழைய சுற்றுச்சாலையை ஒட்டி, ஒரு சலவைக்கூடம் நடத்தினார்கள். கீழே கூடம், மேலே வீடு. நாலைந்து ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் அங்கேதான் வெளுக்க வரும். ரத்தக் கறைக்கு முதலில் பச்சைத் தண்ணீர், வெந்நீர் பட்டால் கறை உறைந்துகொள்ளும் என்பதெல்லாம் டேப்புக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னாலேயே பாடமாகிவிட்ட விஷயங்கள். மாடிக்குப் போனால் வெள்ளை வெள்ளையாகக் கொடிகளில் ஆடும். மாமா அதிகம் பேசாத மனிதர். பேசினால் இயந்திரத்தோடு பேசுவார்.

அக்கா இடக்கைக்காரி. எழுதுவது, துவைப்பது, அறைவது, சாப்பிடுவது எல்லாம் இடக்கைதான். சின்ன வயதில் அப்பா அதற்காக அவளை அடித்திருக்கிறார், கையை முதுகுக்குப் பின்னால் கட்டிப்போட்டிருக்கிறார், “கையை மாத்துற வரைக்கும் சோறு கிடையாது” என்று தட்டைப் பிடுங்கி வைத்திருக்கிறார். அக்கா பட்டினி கிடந்தாளே தவிர மாற்றிக்கொள்ளவில்லை. கடைசியில் அப்பாதான் தட்டைத் திருப்பிக் கொடுத்தார். சலவைக்கூடத்துப் பெரிய இஸ்திரி இயந்திரத்தின் கைப்பிடியைக்கூட, தெருவிலிருந்த வெல்டர் அவளுக்காக இடப்பக்கம் மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்திருந்தார்.

டேப்புக்கு வலது இடது சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். “நான் சாப்பிடுற கை இடது. அதுக்கு எதிர்க்கை எதுவோ அதால நீ சாப்பிடு” என்பாள். சோத்துக்கைக்காரர்கள் சமயத்தில் வலது இடது தடுமாறுவார்கள். இடக்கைக்காரர்களுக்கு அது மறக்கவே மறக்காது. ஊர் மறக்க விடாது.

வெளிவட்டச் சாலை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தபோது, பழைய சுற்றுச்சாலையையே அகலமாக்கப் போகிறார்கள் என்பதும் தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தால் இரண்டு வரிசை வீடும் போகும். அதனால் ஒரே பக்கமாக எடுப்பது என்று முடிவு. எந்தப் பக்கம் என்பதுதான் தெருவுக்குத் தூக்கத்தைக் கெடுத்த கேள்வி. சாலைக்கு அந்தப் பக்கம் நகரத்தை ஒட்டிய வரிசை, அதில் பல் டாக்டரின் கிளினிக்கும் வீடும். இந்தப் பக்கம் வெளி வரிசை, அதில் அக்காவும் வெல்டரும் இன்னும் பலரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப்பு போனபோது அக்கா விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“டேய், உண்மையைச் சொல்லு. எந்தப் பக்கம் எடுக்கப் போறாங்க?”

“சைபர்லேர்ந்து வந்தா சோத்துக்கைப் பக்கம்.”

“யாரு சோத்துக்கை? உன்னதா, என்னதா?”

இயந்திரத்துக்கு அடியில் படுத்து எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மாமா சிரித்த சத்தம் கேட்டது.

“ஊரு சோத்துக்கைக்கா” என்றான் டேப்பு. மடித்த விரிப்பின் மேல் விரலால் ஒரு வட்டம் போட்டு, வட்டத்தின் மேலேயே விரலை நடக்கவிட்டான். “இப்படிப் போறோம்ல, அப்ப வலது பக்கம் ஊரு. உன் வரிசை வெளியில, இடது பக்கம். எடுக்கறது வலது.”

“அப்ப பல் டாக்டர் வரிசை போகுதா?”

“ஆமா.”

அக்காவின் கை கொஞ்சம் நின்றது. “பாவம்டா. உங்க மாமாவுக்கு ராத்திரி வீங்கிக்கிட்டப்ப எழுந்திருச்சு வந்து பார்த்தாரு மனுஷன்.” மறுபடியும் மடிக்க ஆரம்பித்தாள். “நமக்கு இல்லல்ல?”

“நமக்கு இல்லக்கா. நிம்மதியா இரு.”

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். அன்றைக்கு அது பல் டாக்டரின் தலைவலி. அந்த ஒரு வார்த்தையை நம்பி மாமா புதிய துவைப்பு இயந்திரத்துக்கு அடித்தளம் தோண்ட ஆரம்பித்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பி அக்கா தெரு முழுக்கப் போய், “என் தம்பி அந்த ஆபீசுலதான் இருக்கான், எடுக்கறது வலது பக்கம், நம்ம பக்கம் இல்ல” என்று சொல்லிவிட்டு வந்தாள். தெரு அவளைக் கையெடுத்துக் கும்பிட்டது.

கருத்துக் கேட்புக் கூட்டத்தை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பெண் வீடும் மாப்பிள்ளை வீடும் போல ஒரு வரிசைக்காரர்கள் இந்தப் பக்கம், மறு வரிசைக்காரர்கள் அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். பல் டாக்டர் எழுந்து, தன் அப்பா கட்டிய வீடு, நோயாளிகள், பக்கத்து வீட்டு வாய் பேசாத பெண் என்று ஏதேதோ சொல்லி, பாதியிலேயே உட்கார்ந்துவிட்டார். அடுத்து யார் என்று கேட்டார்கள். இந்த வரிசை அக்காவைப் பிடித்து எழுப்பிவிட்டது.

அக்காவுக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லை. இடக்கையால் மைக்கைப் பிடித்துக்கொண்டு, பல் டாக்டர் இருந்த பக்கம் பார்க்காமல் சொன்னாள்.

“ரோடு வேணும்னா போட்டுத்தான் ஆகணும். வலது பக்கமே எடுத்துக்கட்டும். எங்க தெருவுக்கு ஆட்சேபணை இல்ல.”

வெளி வரிசை மொத்தமும் கை தூக்கியது. அதிகாரி, “வலப்புறம் நிலம் எடுப்பதில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அப்படித்தானே அம்மா?” என்று திருப்பிக் கேட்டார்.

“அப்படித்தாங்க.”

எழுதிக்கொண்டார்கள். மண்டபத்தின் கடைசி வரிசையில் அலுவலகத்து ஆட்களோடு உட்கார்ந்திருந்த டேப்புக்கு அக்காவை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். அடிக்கல் நாட்ட வேண்டிய அமைச்சர், ஊரின் மறுகோடியில் தன் தொகுதியில்தான் நாட்டுவேன் என்றார். நகரத்துக்கு மாலை போடப் போகிறோம் என்று அங்கேதான் அவர் பேச வேண்டியிருந்ததாம். மாலையோ சுருக்கோ, அதற்கும் ஒரு முடிச்சு வேண்டுமே. சைபரைப் பிடுங்கி அங்கே கொண்டுபோய் நட்டார்கள். பெரிய பொறியாளர் டேப்பைக் கூப்பிட்டனுப்பினார்.

“டேப்பு, சைபர் இடம் மாறிப்போச்சுய்யா. எண்ணு எல்லாத்தையும் திருப்பிப் போடணும். போக்கையும் மாத்து. அங்கேருந்து எதிர்ச்சுத்தா வரப்போகுது.”

“போக்கையும் ஏன் சார்?”

“அந்தப் பக்கம்தான் நிலம் கையில இருக்கு. வேலை போற வழியிலதானே எண்ணு ஏறணும்? சாயங்காலத்துக்குள்ள நிலம் எடுக்கறவங்களுக்கு அனுப்பிடு. மேலேருந்து உயிரை எடுக்கறாங்க.”

டேப்பு உட்கார்ந்தான். மதியச் சாப்பாட்டுக்குப் போகவில்லை. பழைய எண்களைக் கழித்துப் புதிய எண்களாக்கி, தலைகீழாக அடுக்கி, ஒவ்வொரு மதகையும் ஒவ்வொரு பாலத்தையும் இரண்டு தடவை சரிபார்த்தான். எண்களில் ஒரு பிசகு இல்லை. எண்களுக்குப் பக்கத்தில் ‘வ’, ‘வ’, ‘வ’ என்று ஒரு பத்தி நின்றது. அதையும் பார்த்தான். பார்த்துவிட்டு விட்டுவிட்டான்.

ஏன் விட்டான் என்றால், அந்த அலுவலகத்தில் ஒரு வேதவாக்கு உண்டு: கூட்டத்தில் ஒப்புதலான எழுத்தில் கை வைக்காதே. எண் என்பது அவர்கள் சமாச்சாரம், எத்தனை முறை வேண்டுமானாலும் மாறும். எழுத்து ஊரார் முன்னால் ஒப்புக்கொண்டது. ஒப்புதலான கோப்பில் ஒரு காற்புள்ளியை இடம் மாற்றிய பழைய எழுத்தர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ‘வ’ என்பது மக்கள் ஒப்புக்கொண்ட ‘வ’. அவனுடைய அக்காவே மைக்கில் சொன்ன ‘வ’. அதைத் தொடுவானா?

மனிதன் நின்ற இடத்திலேயே திரும்பி நின்றால் அவன் சோத்துக்கை மறுபக்கம் போய்விடும். இது குழந்தைக்குத் தெரியும். டேப்புக்கும் தெரியும். அன்று மத்தியானம் மட்டும் தெரியவில்லை. அவனுக்கு மேலே கையெழுத்துப் போட்டவர்களும் கூட்டத்தின் குறிப்பை எடுத்து வைத்து ‘வ’வுக்கு ‘வ’ சரியாக இருக்கிறது என்று பார்த்தே போட்டார்கள். சரியாகத்தான் இருந்தது.

நிலம் எடுக்கிற அலுவலகம் அட்டவணையைப் பார்த்து அறிவிப்பு வெளியிட்டது. பத்திரிகையின் உள்பக்கத்தில், பொடி எழுத்தில், புல எண்களாக வந்தது. வெளி வரிசைக்காரர்கள் அதைப் படிக்கவே இல்லை. நம்மை விட்டுவிட்டார்களே, அப்புறம் என்ன பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பது? உள் வரிசைக்காரர்கள் படித்தார்கள். தங்கள் எண்களைத் தேடித் தேடிக் காணாமல், கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று வாயை மூடிக்கொண்டார்கள். வாயைத் திறக்கச் சொல்வதையே தொழிலாகக் கொண்ட பல் டாக்டரும் மூடிக்கொண்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. மண்டபத்தில் வெளி வரிசை செய்ததும் அதுதானே. ஆட்சேபணை சொல்வதற்கான கெடு சத்தமில்லாமல் போய்ச் சேர்ந்தது.

மஞ்சள் பூசிய எல்லைக் கற்களை நடுவதற்கு ஆட்கள் வந்த அன்று அக்கா போன் செய்தாள். பதற்றமே இல்லை அவள் குரலில்.

“டேய், உங்க ஆளுங்க கல்லை இந்தப் பக்கம் கொண்டாந்து நடுறாங்கடா. துவைக்கிற தொட்டிக்கு நடுவுல ஒண்ணு, உள்ள இஸ்திரி மிஷினுக்குப் பின்னால ஒண்ணு. வெயில் அதிகம்ல, பாவம், தலை சுத்திப்போச்சு போல. வந்து சொல்லு.”

“தெரியாம நட்டிருப்பாங்கக்கா. நான் பாத்துக்கறேன்” என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுத்தான் அட்டவணையை விரித்தான். பத்தியில் ‘வ’க்கள் வரிசையாக நின்றன. எழுந்து நின்றான். சுவரில் ஒட்டியிருந்த பெரிய வரைபடத்தின் முன்னால் போய், புதிய சைபரைப் பார்த்து, எண் ஏறுகிற பக்கமாக முகத்தைத் திருப்பி, வலக்கையை நீட்டினான். கை வெளி வரிசையைக் காட்டியது. பக்கத்து மேசைக்காரர் ஏதோ உடற்பயிற்சி என்று நினைத்தார். டேப்பு கையை இறக்கினான். நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தான்.

பெரிய பொறியாளர் கெட்டவர் இல்லை. டேப்பு சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“நீ சொல்றது சரிதான்யா.”

“அப்ப மாத்திடலாம் சார்.”

“மாத்தினா யாரை இடிக்கணும்?”

டேப்பு கையிலிருந்த அட்டவணையைப் புரட்டினான். அவரே சொன்னார்.

“எதிர் வரிசை. அவங்க பிழைச்சோம்னு இருக்காங்க. டாக்டர் மாடி எழுப்பிட்டாராம். இப்ப நீ போய் அவர் கதவைத் தட்டி, அய்யா ஒரு எழுத்து தப்பாப்போச்சு, உங்க வீடுதான்னு சொல்லுவியா?”

“ஆனா எங்க அக்கா வீடு...”

“திரும்ப அறிவிக்கணும், திரும்பக் கூட்டம் போடணும். அவங்க கோர்ட்டுக்குப் போவாங்க. அமைச்சர் தேதி குறிச்சுட்டார். யாரு ஒத்துப்பாங்க? அப்படியே விசாரணைன்னு வந்தாலும் முதல்ல என்ன கேப்பாங்க? கூட்டத்துல வலது பக்கம்னு சொன்னது யாருன்னு கேப்பாங்க.” கண்ணாடியைத் துடைத்தார். “உங்க அக்காய்யா. இந்த மாதிரி சொந்தக் காசுல சூனியம் வச்சுக்கிட்ட கதையை நான் பாத்ததே இல்ல.”

டேப்பு சும்மா இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தான். நான் செய்த தவறு என்று கையெழுத்துப் போட்டே கொடுத்தான். அது மேலே போய், அதற்கும் மேலே போய், ‘எண்மாற்றம் முறைப்படி சரிபார்க்கப்பட்டுள்ளது, பக்கம் மக்கள் கருத்துக் கேட்பில் உறுதியானது, மேல்நடவடிக்கை தேவையில்லை’ என்ற ஒற்றை வரியோடு இறங்கி வந்தது. இந்த மாதிரிக் காகிதங்கள் வெளியே போகக்கூடாது, போனால் உன் வேலையோடு என் வேலையும் போகும் என்று பெரிய பொறியாளர் மெதுவாகச் சொன்னார். கல்லில் நார் உரித்தாலும் உரிக்கலாம். டேப்பு தன் மேசைக்குத் திரும்பிப் போய், அடுத்த பகுதியின் மதகுகளை எண்ண ஆரம்பித்தான். வீட்டில் அவன் மனைவியும் பிள்ளையும் அவன் சம்பளத்தைத்தான் சாப்பிட்டார்கள்.

தெருவுக்கு நோட்டீஸ் வந்த அன்று சலவைக்கூடத்தில் கூட்டம் கூடிவிட்டது. டேப்பு போனபோது வெல்டர் நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அக்கா இஸ்திரி இயந்திரத்தின் மேல் சாய்ந்திருந்தாள். மாமா விரிப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலதுன்னு சொன்னது யாரு? நீங்கதானே? நம்ம பக்கம் இல்லன்னு வீடு வீடா வந்து சொன்னீங்களா இல்லியா?”

“அண்ணே, தம்பி அப்படித்தான்...”

“தம்பி சரியாத்தான் சொல்லியிருப்பாரு. படிச்ச ஆளு. வலதுன்னா சோத்துக்கைப் பக்கம். உங்களுக்குத் தெரியுமா சோத்துக்கை எதுன்னு? பீச்சாங்கையால திங்கறவங்க பேச்சைக் கேட்டுத் தெருவே கை தூக்கினோமே, எங்களைச் செருப்பால அடிக்கணும்!”

கூட்டத்தில் யாரோ, “நுணலும் தன் வாயால் கெடும்” என்றார்கள். யாரும் சிரிக்கவில்லை. அந்தக் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றிப் பற்றவைத்துக் கொடுத்த அதே வெல்டர் அழுதுகொண்டிருந்தார். அவருடைய பட்டறையும்தான் போகிறது.

அக்கா நிமிர்ந்து தம்பியைப் பார்த்தாள். சிறு பிள்ளையாக அவன் பரீட்சை எழுதிவிட்டு வந்து விடை சரியா என்று அவளைப் பார்ப்பானே, அப்படிப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அக்கா சொன்னது சரி, தப்பு என்னுடையது என்றால் போதும். டேப்பு வாயைத் திறந்தான். வெல்டரின் கையில் இருந்த இரும்புக் கம்பியைப் பார்த்தான். பெரிய பொறியாளர் கதவைச் சாத்தியதை நினைத்தான். தெருவே தன் பக்கம் திரும்புவதைப் பார்த்தான்.

“அளவு... அளவு அப்படித்தான் வந்திருக்கு” என்றான்.

அக்கா தன் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, புரட்டிப் பார்த்துக்கொண்டாள். வெகுநேரம் பார்த்தாள்.

“நான்தான் மாத்திப் புரிஞ்சுக்கிட்டேன் போல” என்றாள், எல்லோருக்கும் பொதுவாக.

சலவைக்கூடம் போன கதையை நீட்டுவானேன். கட்டியவனுக்கு ஆயுசு முழுக்க வேலை, இடிப்பவனுக்கு ஒரு காலை வேலை. புதிய இயந்திரத்துக்கு மாமா போட்ட அடித்தளம் மட்டும் உடைய மறுத்து இடிக்க வந்தவர்களை மத்தியானம் வரை இழுத்தடித்தது. மாமா அதைப் பக்கத்தில் நின்று பார்த்தார். அப்படியொரு தரமான வேலை அது. சாலையைத் தாண்டி பல் டாக்டர் ஒரு ஜாடி தண்ணீரும் டம்ளர்களும் கொண்டுவந்து கொடுத்தார். அக்கா வாங்கிக் குடித்தாள். “நான் அன்னைக்கு மண்டபத்துல உங்களைப் பாத்து ஒரு வார்த்தை பேசலைங்க” என்றாள். அவர், “விடுங்கம்மா” என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

ஆஸ்பத்திரிகள் வேறு இடத்துக்கு விரிப்புகளை அனுப்ப ஆரம்பித்தன. கிடைத்த இழப்பீட்டில் தண்ணீர் வசதியுள்ள இடம் எங்கும் அமையவில்லை. அக்காவும் மாமாவும் ஊருக்குள் ஓர் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தார்கள். இயந்திரங்கள் பழைய இரும்புக்குப் போயின. தெருக்காரர்கள் ஆளுக்கொரு மூலையாகச் சிதறினார்கள். எங்கே சிதறினாலும் இடக்கைக்காரி ஒருத்தியால் குடி கெட்ட கதையைக் கூடவே எடுத்துப் போனார்கள். கடைவீதியில் வெல்டரின் மனைவி அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாளாம். மாமாதான் சொன்னார். மாமா அவ்வளவு பேசியதே அதிகம்.

டேப்புக்குச் சோறு இறங்கவில்லை. சாலை வேலை மும்முரமாக நடந்தது. தார் ஊற்றுகிற இடத்தில் நின்று அளவு பார்க்கும்போதெல்லாம் வலப்பக்கம் திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. ஒரு நாள் முடியாமல் போய், வேலை போனால் போகட்டும் என்று, பழைய அட்டவணை, புதிய அட்டவணை, மேலிருந்து வந்த அந்த ஒற்றை வரி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு அக்காவின் அறைக்குப் போனான்.

ஒரு கட்டில், ஓர் அடுப்பு, சன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுச் சுவர். கொடியில் மாமாவின் சட்டை ஒன்று மட்டும் காய்ந்தது. அக்கா அவனைக் கண்டதும், “வாடா, சாப்பிடலாம்” என்று எழுந்தாள்.

“முதல்ல நான் சொல்றதைக் கேளுக்கா.” தரையில் காகிதங்களைப் பரப்பினான். சைபர் மாறியதைச் சொன்னான். எண்ணைத் திருப்பியதை, எழுத்தை விட்டதைச் சொன்னான். வட்டம் போட்டு விரலை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடத்திக் காட்டினான். “நீ சொன்னது சரிக்கா. வலதுன்னா வலதுதான். தப்பு நான் பண்ணேன். அன்னைக்குத் தெருவுக்கு முன்னால சொல்லாம நின்னேன் பாரு, அது அதைவிடப் பெரிய தப்பு.” சொல்லும்போதே அழுதுவிட்டான்.

அக்கா காகிதங்களைப் பார்க்கவில்லை, அவனைத்தான் பார்த்தாள். பிறகு முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்தாள்.

“சின்ன வயசுலயும் இதே வேலைதான் உனக்கு. நான் கண்ணாடி டம்ளரை உடைச்சா நான்தான் உடைச்சேன்னு போய் அப்பாகிட்ட அடி வாங்குவே.”

“இல்லக்கா, இது நிஜம். இங்க பாரு, ‘வ’...”

“எனக்காகப் பொய் சொல்லாதடா. வேலைக்கு ஆபத்து வந்துடப் போகுது. இதையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வரலாமா? எடுத்து வை.” காகிதங்களை ஒன்றாகச் சேர்த்துத் தட்டி, விரிப்பு மடிப்பதுபோல விளிம்புக்கு விளிம்பு மடித்து அவன் பையில் வைத்தாள். “யோசிச்சுப் பாத்தேன்டா. ஒருத்தன் சொல்லலாம் தப்பா. தெருவே சொல்லுது. நம்ம அப்பா அன்னைக்கே சொன்னாரு, இந்தக் கை ஒரு நாள் குடியைக் கெடுக்கும்னு.”

“மாமா, நீங்களாவது சொல்லுங்க” என்றான் டேப்பு.

மாமா கட்டிலில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “சொல்லிப் பாத்துட்டேன் மாப்ளே” என்றார். “அவ கேக்கறதில்ல.”

அக்கா மூன்று தட்டுகளைக் கழுவி வைத்துப் பரிமாறினாள். தானும் அவன் எதிரில் உட்கார்ந்தாள். இடக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முந்தானையின் நுனியை அதன்மேல் சுற்றினாள். வலக்கையால் சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள். விரல்களுக்கு வேலை தெரியவில்லை. பிடித்த கவளம் வாய்க்கு வருவதற்குள் பாதி சேலையில் கொட்டியது. குனிந்து பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டு மறுபடியும் பிசைந்தாள்.

“என்னக்கா இது?”

“பழகிக்கறேன்டா” என்றாள் அக்கா, நிமிராமல். “இனிமே யாராவது எந்தப் பக்கம்னு கேட்டா சரியாச் சொல்லணும்ல.”

அடுத்த கவளமும் கொட்டியது. அவள் பொறுக்கினாள். டேப்பு தன் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.